நிலத்தடி நீரை மதிப்பிட எந்த வழி: மீஞ்சூர் வண்டலும் கொங்குக் கடினப்பாறையும்

ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் எவ்வளவு இறைப்பைத் தாங்கும், எங்கே புதிய கிணறுகளை அனுமதிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் முன் இன்று பல வழிகள் உள்ளன. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசுகளும் பின்பற்றும் நீர்ச் சமநிலைக் கணக்கு அவற்றுள் பழையது. நிலத்தடியைக் கட்டங்களாகப் பிரித்து நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி இன்னொன்று. செயற்கைக்கோள் தரவு, பழைய அளவீடுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் மென்பொருள், விவசாயிகளே அளந்து வைக்கும் ஊர் நீர்க் கணக்கு ஆகியவையும் இருக்கின்றன. கணினி மாதிரி என்றால் துல்லியம், கையால் போடும் கணக்கு என்றால் தோராயம் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், நிதி கிடைத்தவுடன் முதலில் மாதிரிக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது வழக்கமாகிவருகிறது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப்பாறை, மீதி 27 விழுக்காடு படிவுப்பாறையும் வண்டலும். இந்த இரு வகை நிலத்துக்கும் ஒரே கருவி பொருந்தாது என்பதும், எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்கு முன் செலவிட வேண்டிய இடம் வேறு என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. இரண்டு இடங்களை வைத்து இதைப் பார்க்கலாம். ஒன்று, சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் மீஞ்சூர் வண்டல் பகுதி. மற்றொன்று, கொங்குப் பகுதியின் கடினப்பாறை நிலம்.

நீர்ச் சமநிலைக் கணக்கு

நாட்டின் நிலத்தடி நீர் வளத்தை மதிப்பிடுவதற்கான வழிமுறை 1984, 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் வகுக்கப்பட்டுத் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதன் அலகாகப் பிர்கா எனப்படும் குறுவட்டம் கொள்ளப்பட்டது. 2017, 2020 மதிப்பீடுகளில் 1,166 குறுவட்டங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரு குறுவட்டத்துக்குள் மழை, பாசனக் கசிவு, ஏரி, கால்வாய் ஆகியவற்றிலிருந்து ஆண்டுதோறும் நிலத்துக்குள் இறங்கும் நீரைக் கணக்கிட்டு, இயற்கையாக வெளியேறும் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்தில் எத்தனை விழுக்காடு இறைக்கப்படுகிறது என்று பார்க்கிறார்கள். 70 விழுக்காடு வரை பாதுகாப்பானது, 90 வரை மித அபாயகரமானது, 100 வரை அபாயகரமானது, அதற்கு மேல் அதிநுகர்வு. இந்தக் கணக்குக்குத் தனி மென்பொருள் வல்லுநர் தேவையில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே அளவுகோலில் செய்ய முடியும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேள்வி கேட்டு மறுபரிசீலனை செய்யவும் முடியும். பொது நிர்வாகத்தில் இந்தக் கடைசிக் குணத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதாது என்றே கருதுகிறேன்.

இதன் பலவீனத்தையும் எண்களிலேயே பார்த்துவிடலாம். 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு குறுவட்டத்தில் மழைக்காலத்துக்குப் பின் கிணறுகளின் நீர்மட்டம் சராசரியாக 3 மீட்டர் உயர்கிறது என்று கொள்வோம். அந்த 3 மீட்டர் பருமனும் நீரல்ல. பெரும்பகுதி பாறையும் மண்ணும்தான். அதில் கிணற்றுக்கு வடிந்து வரக்கூடிய நீரின் பங்கையே நீர் ஈவு விகிதம் என்கிறோம். களிமண் குறைவாகக் கலந்த சிதைந்த கருங்கல்லுக்கு 3 விழுக்காடு, களிமண் மிகுதியாகக் கலந்ததற்கு 1.5 விழுக்காடு என்று வழிமுறை பரிந்துரைக்கிறது. 3 விழுக்காடு என்றால் சேர்ந்த நீர் 90 லட்சம் கன மீட்டர், 1.5 என்றால் 45 லட்சம். மழைக்காலத்திலேயே இறைக்கப்பட்டதையும் இயற்கை வெளியேற்றத்தையும் எளிமைக்காக ஒதுக்கிவைத்து, ஆண்டு இறைப்பு 55 லட்சம் கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் பயன்பாடு 61 விழுக்காடு, இரண்டாவதில் 122 விழுக்காடு. அதே ஊர், அதே கிணறுகள், அதே மழை; ஒரு கணக்கில் பாதுகாப்பானது, மறு கணக்கில் அதிநுகர்வு. கருங்கல்லில் எவ்வளவு களி கலந்திருக்கிறது என்ற கேள்விக்கு நிலவியலாளர் ஒருவர் குழி வெட்டிப் பார்த்தும் பம்பிங் சோதனை (கிணற்றில் தொடர்ந்து இறைத்து நீர்மட்டம் எப்படி மாறுகிறது என்று அளப்பது) செய்தும் சொல்லும் விடைதான் இவ்விரண்டையும் பிரிக்கிறது. வழிமுறையைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த எண்ணைச் சரிபார்க்கப் பணம் செலவிட வேண்டும் என்பதை இந்த எளிய கணக்கே வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு குறை எல்லை சார்ந்தது. குறுவட்டம் என்பது வருவாய்த் துறையின் எல்லை. நிலத்தடி நீர் அதை மதிப்பதில்லை. கொங்குப் பகுதியில் சிதைந்த பாறை அடுக்கு மெலிதாகவும் துண்டு துண்டாகவும் இருப்பதால், பக்கவாட்டில் ஒரு குறுவட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் நீர், மழையாக மேலிருந்து இறங்குவதோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. ஆகவே அங்கே இந்தக் குறை பெரிதாகப் பாதிப்பதில்லை. மீஞ்சூரில் நிலைமை நேர்மாறானது. அங்கே மணலும் களியும் அடுக்கடுக்காகப் பல கிலோமீட்டர் தொடர்ந்து செல்கின்றன. மேற்கே செறிவூட்டப்பட்ட, அதாவது நிலத்துக்குள் இறங்கிச் சேர்ந்த, நீர் கிழக்கே நகர்கிறது. கிழக்கே கடல் இருக்கிறது. வரவு செலவு சரியாக இருந்தாலும் கடலோரக் கிணறு உப்பாகலாம் என்ற உண்மையைச் சமநிலைக் கணக்கு சொல்லாது. சொல்வதற்கான அமைப்பும் அதில் இல்லை.

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நிலத்திலிருந்து எவ்வளவு நீர் வெளியே எடுக்கப்படுகிறது என்பது தமிழ்நாட்டில் அளக்கப்படுவதில்லை, மதிப்பிடப்படுகிறது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 1990-களின் தொடக்கத்திலிருந்தே மின்சாரம் இலவசம் என்பதால் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணறு ஒரு பருவத்தில் சராசரியாக இறைக்கும் அளவால் பெருக்கித்தான் மொத்த இறைப்பு பெறப்படுகிறது. சமநிலைக் கணக்கில் போடப்படும் இந்த எண்ணேதான் கணினி மாதிரியிலும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடப்படுகிறது. பிரித்துப் போட்டதனால் அது துல்லியமாகிவிடுவதில்லை.

மின்மாற்றி அளவில் மீட்டர் பொருத்தி இதைச் சீராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நல்ல தொடக்கம், ஆனால் அது மட்டும் போதாது. திறன் இழப்பே இல்லாவிட்டால் ஒரு யூனிட் மின்சாரம் 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 35 விழுக்காடு திறனோடு இயங்கினால், 30 மீட்டர் ஆழத்திலிருந்து அதே யூனிட் ஏறத்தாழ 4.3 கன மீட்டரை மேலே கொண்டுவரும். 200 மீட்டர் ஆழத்து நீர்மூழ்கி மோட்டாரில் அது 0.64 கன மீட்டர்தான். ஆயிரம் அடி கடந்த போர்வெல்களும் திறந்த கிணறுகளும் ஒரே மின்மாற்றியில் கலந்திருக்கும் கொங்குப் பகுதியில், யூனிட்டை மட்டும் பார்த்து நீரைச் சொன்னால் பல மடங்கு பிழை வரும். மின்மாற்றிக்குக் கீழே உள்ள கிணறுகளின் வகையையும் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பதிந்தால்தான் யூனிட் கணக்கு நீர்க் கணக்காகும். குழாயில் வைக்கும் நீரளவு மீட்டரைத் தேர்ந்தெடுத்த சில கிணறுகளிலாவது ஓரிரு பருவங்களுக்குப் பொருத்தினால் மொத்த மதிப்பீட்டின் தரமும் மாறும். விவசாயியிடம் கட்டணம் வாங்குவதற்கான முன்னேற்பாடு இது என்ற அச்சம் எழுவது இயல்பே. அளவீடு வேறு, கட்டணம் வேறு என்பதை எழுத்திலேயே உறுதிப்படுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கணினி மாதிரி எங்கே தன் செலவை நியாயப்படுத்துகிறது

மணல் வழியாக நீர் நகரும் விதியை 1856-இல் பிரான்ஸின் தீழோன் நகரில் ஹென்றி டார்சி கண்டறிந்தார். அந்த விதியையும் நீர் எங்கும் காணாமல் போவதில்லை என்ற கணக்கையும் சேர்த்து, நிலத்தடியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர்மட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் கணினி மாதிரியின் அடிப்படை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 1980-களில் வெளியிட்டு இன்றுவரை புதுப்பித்துவரும் மாட்ஃப்ளோ உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது, இலவசமானது, மூலநிரல் திறந்தது. ஃபீஃப்ளோ போன்ற வணிக மென்பொருள்கள் வளைந்த ஆற்றுக் கரைகளையும் பிளவுகளையும் நெகிழ்வாக வரைய உதவுகின்றன. உரிமக் கட்டணம் அதிகம். உப்பு நீரின் கூடுதல் அடர்த்தியையும் கணக்கில் கொள்ள வேண்டுமென்றால் மாட்ஃப்ளோவோடு இணைந்து இயங்கும் சீவாட் இருக்கிறது. பொது நிதியில் செய்யப்படும் பணிக்குத் திறந்த மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். ஒப்பந்தக்காரர் போன பிறகும் துறையின் பொறியாளர் கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

மீஞ்சூர் பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1960-களில் நடந்த ஆய்வுகள் புதைந்த ஆற்றுத்தடங்களில் வளமான நீர்த்தாங்கி (நீரைத் தேக்கிக் கிணறுகளுக்குத் தரும் நிலத்தடி அடுக்கு) இருப்பதைக் காட்டின. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய கிணற்றுத் தொகுதிகள் சென்னைக்குக் குடிநீர் தந்தன. தொழிற்சாலைகளும் வயல்களும் அதே நீரை எடுத்தன. கடலோர நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கியது. 1960-களின் இறுதியில் கரையை ஒட்டித் தென்பட்ட உப்பு பின்வந்த காலத்தில் பத்து கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே நகர்ந்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் வந்ததற்கு இந்த அனுபவமும் பின்னணி.

இங்கே நிர்வாகம் கேட்கும் கேள்விகள் இடத்தையும் காலத்தையும் சார்ந்தவை. மீஞ்சூரில் இறைப்பை நிறுத்திவிட்டு மேற்கே தாமரைப்பாக்கத்தில் கூட்டினால் உப்பு எல்லை நிற்குமா, நிற்க எத்தனை ஆண்டுகளாகும்? கொசஸ்தலையாற்றில் தடுப்பணை கட்டினால் செறிவூட்டம் ஆழத்து மணல் அடுக்குக்குச் சென்று சேருமா, இடையிலுள்ள களி அடுக்கு அதைத் தடுத்துவிடுமா? கடலோரமாகக் கிணறுகளில் நன்னீரைச் செலுத்தி ஒரு தடுப்பை உருவாக்கினால் எவ்வளவு நீர் வேண்டும்? இவற்றுக்குச் சமநிலைக் கணக்கால் விடை சொல்ல இயலாது. கணினி மாதிரியால் சொல்ல முடியும். தொடர்ச்சியான மணல் அடுக்கு, நீண்ட கால அளவீடுகள், தெளிவான எல்லைகள், பெருஞ்செலவுள்ள முடிவுகள் ஆகிய நான்கும் ஒருசேர இருக்கும் இடம் இது. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் படுகைக்கு மாதிரிகளை அமைத்திருப்பதால் வெறும் தரையிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை.

ஆனால் மாதிரி கேட்கும் தரவு வேறு வகையானது என்பதை மறந்துவிடக் கூடாது. 50 கிலோமீட்டர் நீளமும் 40 கிலோமீட்டர் அகலமும் உள்ள பகுதியை 500 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் ஓர் அடுக்குக்கு 8,000 கட்டங்கள். மூன்று அடுக்குக்கு 24,000. ஒவ்வொன்றுக்கும் ஊடுருவு திறன் (நீரைத் தன் வழியே எவ்வளவு எளிதாக நகரவிடும் என்பது), நீர் ஈவு, அடுக்கின் தடிமன் வேண்டும். பம்பிங் சோதனை நடந்த கிணறுகளோ சில பத்துகளில் இருக்கும். மிச்சத்தை ஊகித்து நிரப்பி, கணக்கிட்ட நீர்மட்டம் அளந்த நீர்மட்டத்தோடு பொருந்தும்வரை அந்த ஊகங்களைத் திருத்துகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: மழைச் செறிவூட்டத்தையும் ஊடுருவு திறனையும் ஒரே விகிதத்தில் இரட்டிப்பாக்கினால், நிலையான ஓட்ட (காலத்தோடு மாறாத ஓட்டத்தைக் கணக்கிடும்) மாதிரியில் நீர்மட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். நீர்மட்ட வரைபடங்கள் அழகாகப் பொருந்தியிருக்கும்போதே, மொத்த நீர்வரத்து உண்மையைப்போல் இரண்டு மடங்காக இருக்கக்கூடும். அளந்த இறைப்பு, ஆற்றில் அளந்த கசிவு போன்ற ஓட்ட அளவு ஒன்றையாவது இணைத்தால்தான் இந்தக் குழப்பம் தீரும். முன்பு சொன்ன இறைப்பு அளவீடு இங்கேதான் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கிணற்றின் நீர்மட்டத்தை எதிலிருந்து அளப்பது என்பதும் இத்தகையதே. கண்காணிப்புக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வண்ணம் பூசிக் குறித்த ஒரு புள்ளியிலிருந்து, கீழ்முனையில் சுண்ணக்கட்டி தேய்த்த உருக்கு நாடாவை இறக்கி, நனைந்த கோட்டைப் படித்துக் கழித்து ஆழத்தைக் குறிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அளவு உண்மையான மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். யாராவது சுவரை உயர்த்திக் கட்டிவிட்டு வண்ணக் குறியையும் மேலே ஏற்றியிருந்தால், நீர்மட்டம் ஒரே மாதத்தில் அரை மீட்டர் குறைந்ததாகப் பதிவேடு சொல்லும். சமநிலைக் கணக்குக்கு ஏற்ற இறக்கம் மட்டுமே வேண்டும் என்பதால், தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழம் என்று தெரிந்தால் போதும். மாதிரிக்கு அந்தப் புள்ளி கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று தெரிந்தாக வேண்டும். நன்னீரும் கடல்நீரும் சமநிலையில் இருக்கும்போது, கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் இருவரும் தந்த பழைய விதி. எனவே மீஞ்சூரில் குறிப்புப் புள்ளியின் உயரத்தை ஒரு மீட்டர் தவறாக எடுத்துக்கொண்டால் உப்பு நீர் எல்லையின் ஆழம் 40 மீட்டர் தவறும். வரைபடத்திலிருந்து உயரத்தை வாசித்து மாதிரியில் போடுவது கடலோரத்தில் ஏற்கத்தக்கதே அல்ல. ஒவ்வொரு கண்காணிப்புக் கிணற்றுக்கும் மட்டக்கருவி கொண்டு நில அளவை செய்தாக வேண்டும்.

கொங்கு நிலத்துக்கு வருவோம். இங்கே நீர் இருப்பது இருபது முப்பது மீட்டர் சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே எங்கோ ஓடும் வெடிப்புகளிலும்தான். ஒரு போர்வெல்லில் நீர் பொங்க, முப்பது அடி தள்ளிப் போட்டது தூசியாகப் பறப்பதை இந்தப் பகுதி விவசாயிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 500 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஊடுருவு திறன் என்று எடுத்துக்கொள்ளும் மாதிரி, அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஆயிரம் மடங்கு மாறும் ஒன்றைச் சராசரியாக்குகிறது. பெரும்படுகை அளவில் மொத்த வரவு செலவைப் பார்க்க அது ஓரளவு உதவலாம். ஓர் ஊரில் அடுத்த கிணறு தோண்டலாமா என்பதற்கோ, ஒரு கசிவுநீர்க் குட்டை எந்தக் கிணறுகளுக்குப் பயன்படும் என்பதற்கோ அதன் விடையை நான் நம்பமாட்டேன். விரிவான மாதிரிக்கு ஆகும் செலவை நீர் ஈவுச் சோதனைகளுக்கும் கூடுதல் கண்காணிப்புக் கிணறுகளுக்கும் திருப்பி, குறுவட்டத்துக்குப் பதிலாக ஓடைப் படுகையை அலகாக எடுத்துச் சமநிலைக் கணக்கைச் செம்மையாகச் செய்வதே இங்கே மேலானது.

செயற்கைக்கோளும் கற்கும் மென்பொருளும்

2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்புவிசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு நிலத்தடி நீர் இழப்பை மதிப்பிட வழிவகுத்தன. வடமேற்கு இந்தியா 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபருக்குள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தது என்ற கணிப்பு அந்தத் தரவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது தெளிவாகப் பார்க்கக்கூடிய அலகு சில நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது; 1,30,060 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தமிழ்நாடு முழுவதும் அதற்கு ஓரிரு புள்ளிகள்தான். மாவட்ட முடிவுக்கு அதைக் காட்டுவது பொருத்தமற்றது.

பழைய மழை, நீர்மட்டத் தரவுகளிலிருந்து கற்று அடுத்த மாத நீர்மட்டத்தைச் சொல்லும் மென்பொருள்கள் வறட்சி எச்சரிக்கைக்கு உதவும். இதுவரை நடந்திராத ஒன்றை, உதாரணமாக ஒரு கிணற்றுத் தொகுதியையே மூடுவதை, அவற்றிடம் கேட்கக் கூடாது. கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

ஊரார் போடும் கணக்கு

அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு நடந்த விவசாயிகள் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டத்தை இந்த ஒப்பீட்டில் சேர்த்தே ஆக வேண்டும். விவசாயிகளே மழைமானியைப் படித்தார்கள், கிணற்று மட்டத்தை அளந்தார்கள், ரபி எனப்படும் குளிர்காலப் பயிர்ப் பருவத்துக்கு முன் ஊர் கூடி இருப்பில் உள்ள நீருக்கும் திட்டமிட்ட பயிருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. பயிரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் எண் கண்முன்னே இருந்தது. 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களில் ஊராட்சி அளவில் இதுபோன்ற நீர் பாதுகாப்புத் திட்டங்களைத் தயாரிக்கச் செய்தது. தமிழ்நாடு அந்த ஏழில் இல்லை.

கொங்குக் கடினப்பாறைக்கு இந்த வழி மிகப் பொருத்தமானது என்று உறுதியாக நினைக்கிறேன். நீர் உள்ளூரிலேயே சேர்ந்து உள்ளூரிலேயே தீர்வதால், ஓர் ஓடைப் படுகையின் விவசாயிகள் சிக்கனம் செய்த நீர் பெரும்பாலும் அவர்கள் கிணறுகளிலேயே நிற்கும். அளப்பதற்கான காரணமும் அவர்களுக்கு இருக்கும். எங்கள் பகுதியில் தென்னைக்கும் மஞ்சளுக்கும் இடையே முடிவெடுக்கும் ஒருவருக்கு, மாநில அறிக்கையில் தன் குறுவட்டம் அதிநுகர்வு என்று இருப்பதைவிட, தைமாதத்தில் தன் ஊர்க் கிணறுகள் சென்ற ஆண்டைவிட எத்தனை அடி தாழ்ந்திருக்கின்றன என்பது நேரடியாக உதவும். மீஞ்சூரில் இந்த வழிக்குப் பயன் குறைவு: ஓர் ஊர் சேமித்த நீரைப் பக்கத்துத் தொழிற்சாலையோ கடலோ எடுத்துக்கொள்ளும். அங்கே ஒழுங்குமுறை மேலிருந்துதான் வர வேண்டும். 

எதற்கு முதலில் பணம்

கடலோர வண்டல் பகுதியில் முடிவெடுக்கும் அமைப்புக்கு என் பரிந்துரை, கண்காணிப்புக் கிணறுகளின் உயர அளவையையும் ஆழவாரியான உப்பு அளவீட்டையும் முதல் ஆண்டிலும், தொழிற்சாலை, குடிநீர் வாரியக் கிணறுகளில் நீரளவு மீட்டரை அதே காலத்திலும் முடித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் அடர்த்தி வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் மாட்ஃப்ளோ மாதிரிக்குச் செல்வது. ஏற்கெனவே உள்ள மாதிரிகளின் கோப்புகளைக் கேட்டுப் பெற்றுத் திருத்துவது புதிதாகத் தொடங்குவதைவிட நல்லது. ஒரே ஒரு பொருந்திய மாதிரியைக் கேட்காமல், அளவீடுகளோடு சமமாகப் பொருந்தும் பல மாதிரிகளைக் கேட்டு, அவை அனைத்திலும் உப்பு எல்லை எங்கெங்கே நிற்கிறது என்ற வீச்சை அறிக்கையில் காட்டச் சொல்ல வேண்டும். அந்த வீச்சு நாலைந்து கிலோமீட்டராக இருந்தால், தடுப்பணை கட்டும் இடத்தை இப்போது முடிவு செய்யாமல் இன்னும் சில சோதனைக் குழாய்க்கிணறுகளை இறக்குவதே சிக்கனம்.

கடினப்பாறை மாவட்டங்களுக்கு, தானியங்கி நீர்மட்டப் பதிவிகளைப் படுகைக்குச் சிலவாகப் பரப்பி, ஒவ்வொரு பாறை வகையிலும் நீர் ஈவுச் சோதனை செய்து, தேர்ந்தெடுத்த சில கிணறுகளில் இறைப்பை அளந்து, அந்த எண்களோடு சமநிலைக் கணக்கைத் திருத்தி, அதே எண்களை ஊர்க் கூட்டங்களுக்கும் கொடுக்க வேண்டும். கணினி மாதிரியை இந்த மாவட்டங்களில் ஆற்றை ஒட்டிய வண்டல் கீற்றுகளுக்கும், சாயக்கழிவு போன்ற மாசு நகரும் வரையறுத்த இடங்களுக்கும் மட்டும் ஒதுக்கலாம். இரண்டு வகை நிலத்திலும் ஒப்பந்தத்தில் ஒரு விதி கட்டாயம் இருக்க வேண்டும்: மூலத் தரவு, உள்ளீட்டுக் கோப்புகள், ஒவ்வொரு ஊகத்துக்கும் எழுதிய காரணம் ஆகிய மூன்றையும் துறையிடம் ஒப்படைத்து, துறைப் பொறியாளர் ஒருவர் தன் கையால் ஓட்டி அதே விடையைப் பெற்ற பிறகே இறுதித் தவணை வழங்கப்பட வேண்டும்.